புள்ளியியல் பேராசிரியரும் புள்ளிக் கோலமும்



நம்ம ஊர்ப் பாலிடெக்னிக் ஆண்டு மலர்களைப் புரட்டினால் ஒரு பெயர் தவறாமல் வரும். அது கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு. வரவேண்டியதும்தான். பட்டறை வாசனையோடு பிறந்த ஊர் கோயமுத்தூர். மோட்டார், பம்ப்செட், ஸ்பின்னிங் மில் என்று இரும்போடு பழகியவர்களுக்கு அவர்தான் முன்னோடி. ஆனால் இந்த முறை நான் வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன். அவர் இரும்பைத் தொட்டவர் இல்லை. கோலமாவைப் பார்த்தே கம்ப்யூட்டர் கணிதம் எழுதியவர்! சென்னை தாம்பரத்தில் இருக்கிற கிறிஸ்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி அவர்கள். ஜி.டி. நாயுடு மறைந்த அதே 1974-ஆம் ஆண்டில்தான் சிரோமணி குழுவினரின் புகழ்பெற்ற கோலக் கட்டுரை வெளிவந்தது என்பது ஒரு தற்செயல்.

கம்ப்யூட்டரில் ஃப்ராக்டல் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மயில்தோகை மாதிரி, தீ நாக்கு மாதிரி, உள்ளே போகப் போக அதே உருவம் மறுபடி மறுபடி வரும். அதையெல்லாம் பார்க்கும்போது இது யாரோ வெளிநாட்டுக்காரர்களின் வித்தை என்று ஒரு எண்ணம் நமக்குள் உட்கார்ந்துவிடுகிறது. அந்த வித்தையின் ஒரு கிளை நம்ம வாசல்படியிலிருந்து புறப்பட்டுப் போனது என்பதை எத்தனை பேர் அறிவோம்? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எண்ணும் எழுத்தும்

கிஃப்ட் சிரோமணி 1932-ல் பிறந்தவர். அவர் ஆசிரியராகப் பணிபுரிந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1837-ல் ஒரு பள்ளிக்கூடமாகத் தொடங்கி, பின்னர் கல்லூரியாகி, 1937-ல் நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. மரமும் புதரும் பறவைகளும் நிறைந்த பெரிய வளாகம் அது. அங்கேயே புள்ளியியல் துறையின் தலைவராக உயர்ந்து, கடைசி வரை அங்கேயே இருந்தார். அவருடைய துணைவியார் ராணி சிரோமணி அதே கல்லூரியில் கணிதப் பேராசிரியை. 1929-ல் பிறந்து 2019-ல் மறைந்த அந்த அம்மையார், இந்தியாவில் கோட்பாட்டுக் கணிப்பொறியியலின் முன்னோடிகளில் ஒருவர். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் பல. இந்த வாழ்க்கை வரலாற்றில் பாதி அவருடையது என்றால் மிகையாகாது.

சிரோமணியின் மனசு எந்தப் பக்கம் ஓடியது என்பதற்கு 1963-ல் வெளிவந்த ஒரு கட்டுரையே சாட்சி. தமிழ் உரைநடையின் என்ட்ரபி எவ்வளவு என்று கணக்கிட்டார். என்ட்ரபி என்றதும் தெர்மோடைனமிக்ஸ் தேர்வு ஞாபகம் வந்து பயப்பட வேண்டாம்! இது வேறு. ஒரு வாக்கியத்தில் அடுத்து என்ன எழுத்து வரும் என்று ஊகிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அளக்கிற அளவுகோல். வணக் என்று எழுதி நிறுத்தினால் அடுத்தது க என்று சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். அங்கே புதுச் செய்தி எதுவும் இல்லை. வ என்று மட்டும் எழுதி நிறுத்தினால் ஆயிரம் வழி திறந்திருக்கிறது. கிளாட் ஷானன் 1951-ல் ஆங்கிலத்துக்குச் செய்த இந்த வேலையை, 247 எழுத்துள்ள நம் தமிழுக்குச் செய்து பார்த்தவர் சிரோமணி. நம்ம நாட்டில் கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டவர்களே ரொம்பக் குறைவாக இருந்த காலம் அது என்பதை நினைவில் வையுங்கள்.

எண்ணிப் பார்ப்பது அவருடைய தொழில். எதை எண்ணுவது என்பதில்தான் அவர் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார். பக்கத்தில் இருப்பதை எண்ணினார். தமிழ் எழுத்தை எண்ணினார். சிற்பத்தின் நகைகளை எண்ணினார். வாசலில் கிடந்த கோலப் புள்ளிகளை எண்ணினார். புள்ளியியல் பேராசிரியருக்குப் புள்ளி மேல் ஆசை வந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

கோலத்துக்கு இலக்கணம்

1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நோம் சாம்ஸ்கி என்ற மொழியியல் அறிஞர், மொழியின் இலக்கணத்தைக் கணித விதிகளாக எழுதும் முறையை வகுத்தார். ஒரு குறியை எடு, அதற்குப் பதிலாக வேறு சில குறிகளை வை, இப்படியே மாற்றிக்கொண்டே போ, கடைசியில் ஒரு வாக்கியம் வரும். நாம் எழுதுகிற சி மொழி ப்ரோகிராமைக் கம்பைலர் சரிபார்ப்பதற்கு அடிப்படை இதுதான். இந்தியாவில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். நரசிம்மன், படங்களுக்கும் இலக்கணம் உண்டு என்ற எண்ணத்தை 1960களின் தொடக்கத்திலேயே முன்வைத்தார். அமெரிக்காவில் அஸ்ரியல் ரோசன்ஃபெல்டும் இந்தத் துறையில் இறங்கினார்.

ஆனால் வாக்கியம் ஒரே வரிசையில் போவது. படம் நான்கு பக்கமும் விரிவது. ஒரு வரிசையின் நடுவே ஒரு எழுத்தை நுழைத்தால் மற்றதெல்லாம் நகர்ந்து இடம் கொடுக்கும். ஒரு படத்தின் நடுவே ஒரு கட்டத்தை நுழைத்தால் மொத்தப் படமும் சிதைந்து போகும். இந்தச் சிக்கலை அவிழ்க்க கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் 1972-ல் ஒரு வழி காட்டினார்கள். கமலா கிருதிவாசன் பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை ஆனவர்.

அவர்கள் சொன்ன வழியைப் பல்லடம், சோமனூர்ப் பக்கத்துப் பசங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது பார்த்த உடனே புரியும். முதலில் பாவு. எந்த இழைக்குப் பக்கத்தில் எந்த இழை வரவேண்டும் என்று குறுக்கே ஒரு வரிசையை முடிவு செய்துவிடுகிறோம். பிறகு எல்லா இழைகளும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில், கீழே இறங்குகின்றன. ஒரு இழை முந்தி, ஒரு இழை பிந்திப் போக முடியாது. சிரோமணி குழுவின் இலக்கணமும் இப்படித்தான். முதலில் கிடைமட்ட விதிகள் ஒரு வரிசையைத் தரும். அப்புறம் செங்குத்து விதிகள் எல்லாப் பத்திகளையும் ஒன்றாக வளர்க்கும். அதனால் படம் எப்போதும் ஒழுங்கான செவ்வகமாகவே வந்து நிற்கும். உலக ஆராய்ச்சி நூல்களில் இன்று வரை இது சிரோமணி மேட்ரிக்ஸ் இலக்கணம் என்றே குறிப்பிடப்படுகிறது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் இதை விரித்து, 1974-ல் கோலத்தையே தலைப்பில் வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் பற்றிய ஒரு சர்வதேச ஆராய்ச்சி இதழில் அது வெளிவந்தது. கோலம் என்கிற தமிழ்ச் சொல் அப்படியே அதில் ஏறி உட்கார்ந்தது!

இதில் வெறும் பெருமை மட்டும் இல்லை, ஒரு நுட்பமும் இருக்கிறது. ஒரே மாதிரிக் கட்டத்தை வரிசையாக அடுக்குகிற கோலத்துக்கு ஞாபகம் அதிகம் தேவையில்லை. போட்டுக்கொண்டே போகலாம். ஆனால் 1, 3, 5, 3, 1 என்று ஏறி இறங்குகிற புள்ளிக் கோலத்தில், எவ்வளவு ஏறினோமோ அவ்வளவே இறங்க வேண்டும். அதற்கு ஏறிய கணக்கு மனசில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் பாஷையில் சொன்னால், முதல் வகைக்குச் சாதாரண ஃபைனைட் ஆட்டோமேட்டன் போதும், இரண்டாம் வகைக்கு ஸ்டேக் மாதிரி ஒரு நினைவகம் வேண்டும். தியரி பாடத்தில் நம்மைத் தூங்க வைக்கிற அந்த வேறுபாடு, மார்கழி மாசம் விடியற்காலை ஒவ்வொரு வாசலிலும் எழுதிக் கிடக்கிறது.

கம்பிக் கோலமும் ஏழு அசைவும்

சிரோமணியைக் கடைசி வரை இழுத்துப் பிடித்திருந்தது கம்பிக் கோலம். நம்ம பக்கத்தில் சிக்குக் கோலம் என்போம். புள்ளியைத் தொடாமல், புள்ளியைச் சுற்றிச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிற கோடு. சில கோலத்தில் மொத்தமும் ஒரே கம்பி. சிலதில் இரண்டு, மூன்று கம்பிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். பார்த்த மாத்திரத்தில் எத்தனை கம்பி என்று சொல்ல முடியாது. விரலை வைத்துக்கொண்டு பின்தொடர்ந்தால்தான் தெரியும்.

பேராசிரியர் இங்கே செய்த காரியம்தான் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுகிறது. போட்டு முடித்த கோலத்தை மட்டும் பார்த்து அவர் நின்றுவிடவில்லை. கோலம் போடுகிற கையைக் கவனித்தார். அனுபவமுள்ள பெண்கள் எப்படி இவ்வளவு கோலங்களை ஞாபகம் வைத்திருக்கிறார்கள், எப்படி இவ்வளவு வேகமாகப் போடுகிறார்கள் என்று கேட்டார். முழுப் படத்தையும் மனசில் ஒட்டி வைத்துக்கொண்டு அதைப் பார்த்து எழுதுவதல்ல அது. நடையை ஞாபகம் வைத்துக்கொள்வது. நேரே போ, வலப்பக்கம் கொஞ்சம் வளை, இடப்பக்கம் சுற்றி வா. இந்த நடையை ஏழு அசைவுகளாக அவர்கள் பிரித்தார்கள். நேராகப் போவது ஒன்று. வலப்பக்கம் மூன்று அளவில் திரும்புவது. இடப்பக்கம் மூன்று அளவில் திரும்புவது. அவ்வளவுதான். எந்தச் சிக்குக் கோலமானாலும் இந்த ஏழு எழுத்தில் எழுதப்பட்ட ஒரு நீண்ட சொல்லாகிவிடுகிறது. கம்பி மூடிய வட்டம் என்பதால், முதலும் முடிவும் இல்லாத சொற்களுக்கான ரோசன்ஃபெல்டின் சுழல் இலக்கணம் இதற்குப் பொருந்தியது. 1980களின் பிற்பகுதியில் வந்த கட்டுரைகளில் இதை எழுதினார்கள்.

பல்லடம் பக்கம் இருக்கிற எங்க அம்மாயி சிக்குக் கோலம் போடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வாசத் தெளிச்சு, கோலமாவை எடுத்து, புள்ளியை வைத்துவிட்டால் அப்புறம் நிமிர்வதே இல்லை. நடுவில் யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லும், கை மட்டும் நிற்காது. எப்படி என்று கேட்டால் அதுக்கு விளக்கம் சொல்லத் தெரியாது. கை போகுது, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் மூணாம் வகுப்போடு சரி. டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்பில் ரிகர்ஷன் நடத்தினபோது என் மனசில் வந்தது அந்தக் கைதான். படிக்காதவர்கள் என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறவர்களின் கையில் ஒரு கணிதம் ஓடுகிறது என்பதை, படித்த சபையில் ஆதாரத்தோடு நிறுவியவர் சிரோமணி. அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

வாசலிலிருந்து திரைக்கு

இதற்கிடையே உலகின் வேறு மூலைகளில் இரண்டு நதிகள் ஓடிக்கொண்டிருந்தன. 1968-ல் அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற தாவரவியலாளர், பாசிகளின் செல் வளர்ச்சியை விவரிக்க ஒரு இலக்கணம் அமைத்தார். எல்லா எழுத்துக்களும் ஒரே நேரத்தில் மாறும் என்பது அதன் சிறப்பு. அதை எல்-சிஸ்டம் என்பார்கள். 1975-ல் பெனுவா மாண்டல்பிராட் ஃப்ராக்டல் என்ற சொல்லை உருவாக்கினார். 1980-ல் அவர் பெயர் தாங்கப்போகிற அந்தப் பிரபலமான உருவத்தை ஐ.பி.எம். கம்ப்யூட்டர்களில் வரைந்து ஆராய்ந்தார். இந்த இரண்டையும் கிராஃபிக்ஸில் இணைத்தவர்களில் முக்கியமானவர் புருசின்கீவிச். அவர் எல்-சிஸ்டத்தின் எழுத்துக்களை, திரையில் ஊர்ந்து கோடு போடும் ஆமைக்கான கட்டளைகளாக மாற்றினார். அவர் வரைந்து காட்டிய உதாரணங்களில் சிரோமணி குழுவினரின் கோலங்களும் இருந்தன! அதில் ஒன்று, கிருஷ்ணரின் கால் சலங்கை என்று பொருள்படும் பெயரில் உலகம் முழுக்கப் புத்தகங்களில் உலவுகிறது.

அந்தச் சலங்கைக் கோலத்தை நீங்களே செய்து பார்க்கலாம். மூன்றே எழுத்து போதும். நே என்றால் நேராக ஒரு அடி போ. தி என்றால் வலப்பக்கம் 90 டிகிரி திரும்பு. க என்றால் இங்கே இனிமேல் வளரும், இப்போதைக்கு ஒன்றும் செய்யாதே. தொடக்கச் சொல்: க தி க. விதி ஒன்றுதான். ஒவ்வொரு க-வுக்கும் பதிலாக க நே க தி க நே க என்று வை.

முதல் தலைமுறையில் ஆமை 4 அடி நடந்து ஒரு புள்ளியைச் சுற்றி ஒரு கட்டம் போடும். இரண்டாம் தலைமுறையில் 20 அடி. தாளைச் சற்றே சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் 1, 3, 1 என்று 5 புள்ளி வைத்த, ஒரே கம்பியில் ஓடுகிற நம்ம வீட்டுச் சிக்குக் கோலம்! மூன்றாம் தலைமுறையில் 84 அடி, 21 புள்ளி. நான்காவதில் 340 அடி, 85 புள்ளி. ஒவ்வொரு முறையும் பழைய கோலம் நாலு பிரதியாகி, நடுவில் ஒரு புதுப் புள்ளி வந்து நாலையும் கோர்க்கிறது. எத்தனை தலைமுறை போனாலும் கம்பி ஒன்றுதான், அறுவதே இல்லை. அகலம் ஏறக்குறைய இரட்டிக்கும்போது நீளம் ஏறக்குறைய நாலு மடங்காகிறது. அதாவது கோடாகப் பிறந்தது வாசலையே நிறைக்கிற பரப்பாக மாறிக்கொண்டிருக்கிறது. ஃப்ராக்டல் என்பதன் சாரம் இதுதான்.

எங்கள் லேபில் பைத்தானில் டர்ட்டில் வைத்து இதை எழுதினேன். இருபது வரிகூட ஆகவில்லை. கருப்புத் திரையில் வெள்ளைக் கோடாக வந்ததும் அடுத்த ஆசை வந்தது: வண்ணம்! நோம்பி நாளில் வெள்ளைக் கோலத்தோடு யார் நிறுத்துகிறார்கள்? இங்கேதான் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டேன். கம்ப்யூட்டர் கோலத்தில் வண்ணம் என்பது அழகுக்குப் பூசுவது மட்டும் இல்லை. எந்த முறையில் பூசுகிறோமோ, அதற்கேற்ற ஒரு உண்மை வெளியே தெரியும்.

முதல் முறை, நடை வண்ணம். ஆமை எத்தனையாவது அடியில் இருக்கிறது என்று எண்ணி, முதல் அடி சிவப்பு, கடைசி அடி ஊதா, நடுவில் வானவில் வரிசை. பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் முற்றிலும் வேறு நிறத்தில் வந்து வெட்டிக்கொள்ளும். கம்பி எங்கே விட்டுப் போய், எவ்வளவு நேரம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கோலம் போடுகிறவரின் கையோட்டத்தை இது காட்டுகிறது.

இரண்டாம் முறை, தலைமுறை வண்ணம். 85 புள்ளிக் கோலத்தில் நட்ட நடுப் புள்ளி 1, அதைச் சுற்றியுள்ள கால்பகுதிகளின் நடுப்புள்ளி 4, அடுத்த நிலை 16, கடைசி நிலை 64. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிறம் கொடுத்தால் கோலத்துக்குள் கோலம், அதற்குள் கோலம் என்பது பளிச்சென்று தெரியும். கட்டமைப்பைக் காட்டுகிற வண்ணம் இது.

மூன்றாம் முறை, உள்ளே வெளியே வண்ணம். ஒரு இடத்திலிருந்து வெளியே வர எத்தனை கோட்டைத் தாண்ட வேண்டும்? ஒற்றைப்படை என்றால் ஒரு நிறம், இரட்டைப்படை என்றால் இன்னொரு நிறம். மூடிய கம்பி எவ்வளவுதான் சிக்கலாகப் பின்னினாலும், ஒரு கோட்டின் இரு பக்கமும் ஒரே நிறம் வராது. இரண்டே நிறம் போதும். இது கணிதத்தில் நிரூபிக்கப்பட்ட உண்மை. நாலு பாக்கெட் வண்ணப்பொடி வாங்கக் காசில்லாதவர்களுக்கு நல்ல செய்தி!

நான்காம் முறை, கம்பி வண்ணம். கம்பிக்கு ஒரு நிறம். சலங்கைக் கோலத்தில் ஒரே நிறம்தான் வரும். வேறு சிக்குக் கோலத்தில் போட்டால் எத்தனை கம்பி என்பது ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

மாண்டல்பிராட் படங்களின் வண்ணமும் இதே குடும்பம்தான். அங்கே ஒவ்வொரு புள்ளியையும் ஒரு சமன்பாட்டுக்குள் திரும்பத் திரும்பச் செலுத்துகிறார்கள். எத்தனையாவது சுற்றில் அது எல்லை தாண்டி ஓடுகிறது என்று எண்ணி, அந்த எண்ணுக்கு ஒரு நிறம். எவ்வளவு சுற்றினாலும் ஓடாத புள்ளிக்கு வழக்கமாகக் கருப்பு. நாம் வாய்பிளந்து பார்க்கும் அந்த வண்ணமெல்லாம் உருவத்துக்கு வெளியே இருக்கிற புள்ளிகளின் எண்ணிக்கைதான். எண்ணிக்கை, அதற்குப் பிறகு வண்ணம். புள்ளியியல், அதற்குப் பிறகு பொடி. அவ்வளவுதான் ரகசியம்.

ஒரு மனிதர், பல வாசல்கள்

கோலத்தோடு மட்டும் அவர் நின்றிருந்தால் இவ்வளவு வியப்பு வராது. மைக்கேல் லாக்வுட், பி. தயானந்தன் ஆகியோருடன் சேர்ந்து மாமல்லபுரத்துச் சிற்பங்களை ஆராய்ந்தார். 1974-ல் அது நூலாக வந்தது. சிற்பங்களின் ஆடை, அணிகலன், கிரீடம் எப்படிக் காலத்துக்குக் காலம் மாறுகின்றன என்று குறித்து, அதை வைத்தே எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்த முயன்றார்கள். 1978-ல் அச்சிட்ட தமிழ் எழுத்துக்களைக் கம்ப்யூட்டர் அடையாளம் காண ஒரு முறையை இரு சகாக்களுடன் வெளியிட்டார். இன்று கைப்பேசியில் ஒரு நோட்டீசைப் படம் பிடித்தால் அதிலுள்ள தமிழ் எழுத்தாக மாறி வருகிறதே, அந்தப் பாதையில் முதலில் கல் எடுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். சிந்துவெளி முத்திரைகளில் எந்தக் குறிக்குப் பக்கத்தில் எந்தக் குறி வருகிறது என்றும் எண்ணினார். பார்த்தால் எல்லாம் வேறு வேறு வேலை. உள்ளே ஓடுகிற கம்பி ஒன்றுதான்: வரிசையில் ஒளிந்திருக்கிற விதியைக் கண்டுபிடிப்பது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதெல்லாம் வண்ணத் திரை நம் மேஜைக்கு வருவதற்கு முந்தைய கதை. சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 கம்ப்யூட்டர் வந்ததே 1973-ல்தான். துளையிட்ட அட்டையில் ப்ரோகிராம் கொடுத்து, லைன் பிரிண்டர் தாளில் விடை வாங்கிய காலம். கோலத்தின் வளைவு நெளிவெல்லாம் எழுத்தாகவும் குறியாகவும்தான் கணக்குக்குள் நுழைந்தன. கருவி பெரிதாக இருந்ததால் பெரிய வேலை நடக்கவில்லை. கேள்வி பெரிதாக இருந்தது.

அறுந்த கம்பி

1988-ல், 55 வயதில், கிஃப்ட் சிரோமணி மறைந்தார். ஓய்வு பெறும் வயதைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. மறு ஆண்டு, 1989-ல், அவர் நினைவாக ஒரு ஆராய்ச்சித் தொகுப்பு சிங்கப்பூரிலிருந்து வெளிவந்தது. தொகுத்தவர், படங்களுக்கு இலக்கணம் உண்டு என்று இந்தியாவில் முதலில் சொன்ன அதே ஆர். நரசிம்மன். அந்த நினைவு மலரில் ஒரு கட்டுரை இருக்கிறது. கம்பிக் கோலமும் சுழல் இலக்கணமும் பற்றியது. எழுதியவர்களில் ஒருவர் கிஃப்ட் சிரோமணி! தன் நினைவு மலரில் தானே எழுதிய கட்டுரை. தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிற கம்பிக் கோலத்தைப் பற்றி எழுதியவரின் கம்பி, அப்படி நடுவில் அறுந்தும் அறுபடாமல் போனது.

அறுபடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ராணி சிரோமணி அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, படமொழிகள் பற்றிய ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1990-ல் புருசின்கீவிச்சும் லிண்டன்மேயரும் எழுதிய, தாவரங்களின் அழகை அல்காரிதமாகச் சொல்லும் நூல் உலகப் புகழ் பெற்றது. 2002-ல் அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் கோல மரபைப் பற்றி எழுதிய கட்டுரை, சிரோமணி குழுவின் உழைப்பை விஞ்ஞான வாசகர்களிடம் மறுபடி கொண்டுபோனது.

நமக்கு என்ன?

நம்மில் பெரும்பாலோர் தமிழ் மீடியத்திலிருந்து டிப்ளமோவுக்கு வந்தவர்கள். முதல் செமஸ்டரில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்ததும் ஒரு மலைப்பு வரும். இதெல்லாம் நம்ம வீட்டுப் பக்கம் இல்லாத விஷயம், வேறு யாருக்கோ எழுதி வைத்தது, நாம் மனப்பாடம் செய்து பாஸ் ஆனால் போதும் என்று தோன்றும். அந்த எண்ணம்தான் நம்மை வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வரைந்த டிராயிங்குக்கு வேலை செய்கிறவனாக வைத்திருக்கும்.

சிரோமணியின் வாழ்க்கை அந்த எண்ணத்துக்கு ஒரு பதில். அவர் ஷானனையும் சாம்ஸ்கியையும் படித்தார், படிக்காமல் இல்லை. படித்த கையோடு வாசலுக்கு வந்து குனிந்து பார்த்தார். பார்த்ததை உலகத்துக்குப் புரிகிற கணக்கில் எழுதினார். நம்மைச் சுற்றி அப்படிக் குனிந்து பார்க்க எவ்வளவு இருக்கிறது! பவானி ஜமுக்காளத்தின் கோடு, சேலை பார்டரில் ஜக்கார்டு அட்டை போடுகிற வரிசை, பேரூர்க் கோயில் கல்லில் திரும்பத் திரும்ப வரும் கொடி, கட்டில் பின்னுகிற கயிற்றின் கணக்கு. டெக்ஸ்டைல் மாணவருக்கு ஒன்று, சிவிலுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று ப்ராஜெக்ட் தலைப்புகள் தெருவில் கிடக்கின்றன.

கடைசியாக மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலுக்குக் கோலப் போட்டி வைக்கிறோம். அழகுக்கு மார்க் போடுகிறோம். வருகிற பொங்கலுக்கு இன்னொரு பிரிவும் வைப்போம். போட்டியாளர் தன் கோலத்தின் விதியைத் துண்டுச்சீட்டில் எழுதித் தரட்டும். அந்த விதியைக் கம்ப்யூட்டர் லேபில் கொடுத்தால் திரையில் அதே கோலம் வர வேண்டும். வண்ணம் எந்த முறையில் பூசினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நடுவர்களில் ஒருவர் நம் ஆசிரியராக இருக்கட்டும். இன்னொருவர், கையெழுத்துக்கூடப் போடத் தெரியாவிட்டாலும், சிக்குக் கோலம் பிசகாமல் போடத் தெரிந்த ஒரு அம்மாயியாக இருக்கட்டும். பேராசிரியர் கிஃப்ட் சிரோமணிக்கு அதைவிடப் பொருத்தமான அஞ்சலி வேறொன்றும் இருக்க முடியாது.

வாருங்கள் நண்பர்களே, புள்ளி வைப்போம்!